பொதுமக்கள் பேச மூன்று நிமிடம்

விதி எழுதும் தொழிலில் ஒரே ஒரு சௌகரியம் உண்டு: எழுதியது தப்பு என்று தெரியவர இருபது வருடமாவது ஆகும், அதற்குள் எழுதியவர் ஓய்வு பெற்றிருப்பார்.

மனுவைக் கையில் வைத்துக்கொண்டு நகரமன்ற அலுவலகத்து பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், "எழுதிக் குடுத்துட்டுப் போங்க, பாக்குறோம்" என்ற பதிலோடு வீடு திரும்பியவர்கள், கூட்டம் நடக்கும் அறைக்குள் எட்டிப் பார்த்ததற்காக முறைக்கப்பட்டவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

நான் முப்பது வருடம் ஒரு நாளிதழில் நிருபராக இருந்தவன். தாம்பரத்துக்குத் தெற்கே எந்த ஊரில் உள்ளாட்சிக் கூட்டம் என்றாலும் என்னைத்தான் அனுப்புவார்கள். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கூட்டங்களிலிருந்து தப்பித்துவிட்டதாக நினைத்திருந்தேன். அப்போதுதான் எங்கள் நகரமன்றம் தன் அமைப்பு விதிகளையும், பொதுமக்கள் பங்கேற்பு விதிகளையும் திருத்துவதற்கு நாலு பேர் கொண்ட குழுவைப் போட்டது. ஊர்ப் பெயர் வேண்டாம். ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் ஊர். மிச்சத்தை உங்கள் ஊரைப் பார்த்து நிரப்பிக்கொள்ளுங்கள். குழுவுக்குத் தலைமை மன்ற உறுப்பினர் பாஸ்கரன். சட்டம் பார்க்க வழக்கறிஞர் நிர்மலா. அலுவலகத் தரப்பில் கண்காணிப்பாளர் தேவசகாயம். நாலாவது ஆள் நான். என்னை எதற்குப் போட்டீர்கள் என்று மன்றத் தலைவரான அம்மாவிடமே கேட்டேன்.

"எங்க கூட்டத்துல கடைசி வரைக்கும் தூங்காம உட்கார்ந்த ஒரே வெளியாள் நீங்கதான் சார்."

புத்தகம் கேட்ட கதை

குழு கூடுவதற்கு ஒரு கிழமை கண்டுபிடிப்பதே பெரிய வேலையாகிவிட்டது. சனிக்கிழமை பாஸ்கரன் திருநீர்மலை ஏறுவார். ஞாயிறு தேவசகாயத்துக்கு ஆலயம். மற்ற நாட்களில் நிர்மலாவுக்குச் செங்கல்பட்டில் கோர்ட். கடைசியில் புதன்கிழமை மாலை நாலரை மணி என்று முடிவானது. முதல் புதனன்று நாங்கள் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: இப்போது நடப்பில் உள்ள விதிப் புத்தகத்தை வாசிப்பது.

புத்தகம் தேவசகாயத்தின் இரும்பு பீரோவில் இருந்தது. சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. விதிப் புத்தகத்தைப் பார்வையிட விரும்புகிறவர் எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும் என்றார். சரி, எழுதித் தருகிறோம் என்றோம். எந்த விதியின் கீழ் கேட்கிறோம் என்று விதி எண்ணையும் குறிப்பிட வேண்டுமாம். "புத்தகத்தைப் பார்த்தாதானே சார் நம்பர் தெரியும்?" என்றார் நிர்மலா. தேவசகாயம் கெட்ட மனிதர் இல்லை. இருபத்தெட்டு வருட சர்வீசில் ஒரு தாளைக்கூடத் தொலைக்காதவர். தானே ஒரு விண்ணப்பம் எழுதி, தானே விதி எண்ணைப் போட்டு, தானே அனுமதித்து, பீரோவைத் திறந்தார். நாங்கள் ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தோம். புத்தகம் புதுசாக இருந்தது. கட்டுப் பிரியாமல், முனை மடியாமல், அச்சகத்திலிருந்து நேற்று வந்த மாதிரி.

"இந்த விதியாலதான் சார் இத்தனை வருஷமா இது கிழியாம இருக்கு."

ஒட்டாத நோட்டீஸ்

இரண்டாவது புதனன்று அறை வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார். கையில் நாலாக மடித்த மனு. பெயர் கன்னியம்மா. கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து தினமும் கேளம்பாக்கம் சாலை வழியாக ஷேர் ஆட்டோவில் மீன் கூடையோடு வந்து, எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் விற்கிறவர். அவரோடு சேர்த்து ஏழு பெண்கள் அங்கே உட்கார்கிறார்கள். மீன் தண்ணீர் சாலையில் ஓடுகிறது என்று சொல்லி அவர்களை அங்கிருந்து எழுப்பி, ஊர்க் கோடியில் குப்பை தரம் பிரிக்கும் கூடத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைப்பது என்று மன்றத்தில் ஒரு தீர்மானம் வந்திருந்தது. அந்தப் பக்கம் பேருந்தும் போகாது, மனிதர்களும் போக மாட்டார்கள். போன கூட்டத்துக்குப் போதிய உறுப்பினர்கள் வராததால் தீர்மானம் தப்பித்தது. இல்லை, இவர்கள் தப்பித்தார்கள். அடுத்த கூட்டம் ஐந்து வாரத்தில். அதற்குள் மன்றத்தில் ஒரு தடவை வாயைத் திறந்து பேச வேண்டும். அதுதான் அவர் கேட்டது.

நான் விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். பொதுமக்கள் பேசலாம், மூன்று நிமிடம், தாராளமாக. ஆனால் அந்தக் கூட்டத்தின் அஜெண்டாவில் உள்ள பொருளைப் பற்றித்தான் பேச வேண்டும். கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பாகப் பெயர் பதிந்திருக்க வேண்டும். நாலு பக்கம் தள்ளி இன்னொரு விதி: அஜெண்டா, கூட்டத்துக்கு முதல் நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். நிர்மலாவிடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டு பாஸ்கரனிடம் நீட்டினார். இந்த இரண்டு விதிகளும் இருந்த வரை எங்கள் ஊரில் ஒரு மனிதப் பிறவிகூட மன்றத்தில் பேசியிருக்க முடியாது. அதை நாங்கள் நாலு பேரும் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தோம். கன்னியம்மா ஒரு மாதம் முன்பே கண்டுபிடித்திருந்தார்.

"நோட்டீஸ் ஒட்டுன அன்னிக்கே ஓடியாந்தேன் சார், மூணு நாள் முன்னாடியே வந்திருக்கணும்னாங்க, ஒட்டாத நோட்டீஸ இன்னாத்த சார் பாக்குறது?"

நான் எழுதிய ஒரு வரி

அன்று வீட்டுக்குப் போனதும் பரணிலிருந்து என் பழைய செய்தி நறுக்குகளை இறக்கினேன். நகரமன்றக் கூட்டச் செய்திகள் மட்டும் இரண்டு அட்டைப்பெட்டி. பலவற்றின் கடைசியில் ஒரே வரி: "பொதுமக்கள் தரப்பில் கேள்விகள் எதுவும் எழுப்பப்படவில்லை." சில இடங்களில் கொஞ்சம் தாராளமாக, "கூட்டம் சுமுகமாக நிறைவடைந்தது" என்றும் எழுதியிருக்கிறேன். வாசலிலேயே மடக்கி அனுப்பப்பட்ட ஜனங்களைத் திருப்தியடைந்த ஜனங்கள் என்று வருடக்கணக்காக ஊருக்குச் சொல்லியிருக்கிறேன். ஏன் யாரும் பேசவில்லை என்று ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஒரு நல்ல செய்தி கிடைத்திருக்கும். நிருபருக்கு அதுவும் உறுத்தத்தான் செய்யும்.

பொறுக்காமல் கீழ்க்கட்டளையில் இருக்கும் சந்தானத்துக்கு போன் போட்டேன். என் செய்திகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்பிய உதவி ஆசிரியர் அவர். விஷயத்தைச் சொல்லி, எத்தனை பேரை ஏமாற்றியிருப்பேனோ என்று புலம்பினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அவர் சொன்னதைக் கேட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு உதவி ஆசிரியருக்கு மனதார நன்றி சொன்னேன்.

"அலட்டிக்காதடா, நீ அனுப்புனதுல பத்துக்கு எட்டுல அந்த வரிய நான் வெட்டியிருப்பேன், உன் பெட்டியில அது தப்பிச்சதெல்லாம் விளம்பரம் கம்மியா இருந்து இடம் மிஞ்சின நாளுங்க."

அவர்களே, அவர்களே

பங்கேற்பு விதிகளைப் பற்றிப் பொதுமக்களிடமே கருத்துக் கேட்போம் என்று பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டோம். நாற்பது பேர் வந்தார்கள். அதில் பத்துப் பேர் குடிநீர் இணைப்பு பற்றி என்று நினைத்து வந்தவர்கள். அவர்களையும் உட்காரச் சொன்னோம். மூன்று நிமிடம் போதுமா என்று தெரிந்துகொள்ள, பேச வருகிறவர்களுக்கு மணி வைத்துப் பார்ப்பது என் யோசனை.

முதலில் வந்தவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஒலிவாங்கியை இரண்டு தட்டு தட்டினார். "பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய விதித் திருத்தக் குழுவின் தலைவர், செயல் வீரர், பண்பாளர் பாஸ்கரன் அவர்களே" என்று தொடங்கினார். பிறகு நிர்மலா அவர்களே. பிறகு தேவசகாயம் அவர்களே. பிறகு நான். பிறகு மண்டபத்தை இலவசமாகத் தந்த பள்ளித் தாளாளர் அவர்களே. அவர் அன்றைக்கு வரவேயில்லை. பிறகு முன் வரிசை, பின் வரிசை, வாசலில் நின்ற காவலர். "தாய்மார்களே" என்று வரும்போது மூன்று நிமிடம் முடிந்து மணி அடித்தது. அதற்குள் பாஸ்கரனுக்கு ஒரு பொன்னாடை வேறு போர்த்தியாகிவிட்டது. விஷயத்துக்கு நேராக வரலாமே ஐயா என்று நான் மெதுவாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் நான் மறுபடி ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டேன்.

"அவர்களே போடாம பேசினா அதுக்குப் பேரு சண்டை சார், உரை இல்ல."

கண்ணியமான மொழி

பழைய விதிகளில் ஒன்று, பேசுகிறவர்கள் கண்ணியமான மொழியைப் பயன்படுத்த வேண்டும் என்றது. அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றார் பாஸ்கரன். எது கண்ணியம் என்று யார் முடிவு செய்வது என்று கேட்டார் நிர்மலா. நிறுத்தத்தில் மீன் விற்கிறவர் பேசும் தமிழ் இந்த விதிக்குள் வருமா, வராதா? மன்றக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பை எழுதுகிறவர் தேவசகாயம்தான். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"மெம்பர்ங்க பேசினதுல பாதிய நீக்கிட்டுதான் மேடம் நான் குறிப்பே எழுதுறேன், ஜனங்களால அதுக்கு மேல என்ன கெட்டுடப்போகுது?"

எந்த ஊர்க்காரர்?

நாலாவது புதனன்று பெரிய தகராறு. மூன்று நாள், ஒரு நாள் சிக்கலை அவிழ்த்துவிட்டோம்: அஜெண்டாவை ஒரு வாரம் முன்பே ஒட்ட வேண்டும், கூட்டம் தொடங்கும் நிமிடம் வரை பெயர் கொடுக்கலாம். எல்லோரும் தலையாட்டினோம். பிறகு "பேசத் தகுதியுடையோர்" என்ற தலைப்புக்கு வந்தோம். பழைய விதியில், மன்ற எல்லைக்குள் நிரந்தரமாகக் குடியிருப்பவர் என்று இருந்தது. கன்னியம்மாவின் வீடு கடலோரத்தில். ஆதார் அட்டை அந்த விலாசத்தில். இருபது வருடமாக எங்கள் ஊர் வெயிலில் உட்கார்ந்திருந்தாலும் விதிப்படி அவர் வெளியூர்க்காரர்.

"குடியிருப்பவர் அல்லது தொழில் செய்பவர்" என்று மாற்றலாம் என்றார் நிர்மலா. பாஸ்கரன் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்புறம் வண்டலூர்ல இருந்தும் பல்லாவரத்துல இருந்தும் வந்து பேசுவாங்க மேடம். நாளைக்கு ஓட்டுக் கேட்க நான் யாரு வீட்டுக்குப் போறது? வெளியாளுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். அவருக்கு அது பிடிவாதம் இல்லை, பயம். அரை மணி நேரம் பேசிப் பார்த்தோம். ஒன்றும் நகரவில்லை. குழுவில் ஒருவர் மறுத்தாலும் அந்த விதி அறிக்கையில் போகாது என்பது எங்கள் ஏற்பாடு. அதாவது கன்னியம்மாவின் மூன்று நிமிடம் அந்த மேசையிலேயே முடிந்துபோகும் நிலைமை.

அவர் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். புதன்கிழமைகளில் மாலை வியாபாரத்தைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு வந்து நின்று, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டு போவது அவருக்குப் பழக்கமாகியிருந்தது. உள்ளே பேசியது முழுக்கக் காதில் விழுந்திருக்க வேண்டும். தலையை மட்டும் உள்ளே நீட்டினார். குரலை உயர்த்தாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார். தேவசகாயம் சிரித்ததை நான் முதலும் கடைசியுமாக அன்றுதான் பார்த்தேன். பாஸ்கரனும் சிரித்துவிட்டு, "தொழில் செய்பவர்" என்பதற்கு எதிரே டிக் போட்டார்.

"ஞாயித்துக்கெயம உங்க வூட்டு கொயம்புல கொதிக்கிறது எந்த ஊரு மீனு, கவுன்சிலரே?"

எழுதிக் கொடுத்த பேச்சு

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு நிர்மலா, கன்னியம்மாவுக்கு மூன்று நிமிடப் பேச்சு ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தார். அருமையான பேச்சு. அரசியல் சாசனம் இருந்தது, தெருவோர வியாபாரிகளுக்கான சட்டம் இருந்தது, "வாழ்வாதாரம்" நாலு இடத்தில் இருந்தது. நானும் ஒரு தலைப்பும் இரண்டு துணைத் தலைப்பும் சேர்த்தேன். பழக்கதோஷம். பேருந்து நிறுத்தத்திலேயே வைத்துப் படித்துக் காட்டினோம். கன்னியம்மா வஞ்சிரத்தைத் துண்டு போட்டபடி கடைசி வரி வரை கேட்டார். வாங்க வந்தவர்களும் நின்று கேட்டார்கள். முடிந்ததும் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, தாளை வாங்கி மடித்து, மரியாதையாக நிர்மலாவிடமே திருப்பிக் கொடுத்தார்.

"சூப்பரா கீது மேடம், ஆனா இத்த நான் பேசுனா நீங்க பேசுறா மாரியே இருக்கும்."

பொருள் எண் ஒன்பது

கூட்ட நாள் காலை பத்து மணிக்கே கன்னியம்மா பெயர் கொடுத்துவிட்டார். மற்ற ஆறு பேரும் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு எங்கள் ஊரில் மீன் கிடையாது. பாஸ்கரன் எப்படியோ பேசி எங்கள் அறிக்கையைப் பொருள் எண் ஒன்றாகப் போடவைத்திருந்தார். மீன் கடைகளை இடமாற்றுவது பொருள் எண் ஒன்பது. ஒன்று நிறைவேறினால்தான் ஒன்பதில் அவர் பேச முடியும். ஒன்று நிறைவேறியது. இருபத்தோரு விதிகள், கைதட்டல், தலைவருக்குப் பொன்னாடை, எங்களுக்குத் துண்டு. இரண்டிலிருந்து எட்டு வரை சாக்கடை, தெருவிளக்கு, சாக்கடை. ஒன்பது வந்தது. "பொதுமக்கள் தரப்பில் கன்னியம்மா" என்று தேவசகாயம் வாசித்தார். அவர் எழுந்தார். கூடவே பின் வரிசையிலிருந்து ஒரு உறுப்பினரும் எழுந்தார். "இன்னைக்குப் பாஸான விதி இன்னைக்கே எப்படி அமலுக்கு வரும்? எந்தத் தேதியிலிருந்துன்னு இந்த அறிக்கையில எங்க போட்டிருக்கு?"

நான் நிர்மலாவைப் பார்த்தேன். நிர்மலா என்னைப் பார்த்தார். எங்கும் போடவில்லை. ஐந்து புதன்கிழமை உட்கார்ந்து, "அவர்களே" வரைக்கும் யோசித்த நாலு பேருக்கும், இது எப்போதிலிருந்து என்று எழுதத் தோன்றவில்லை. தேதி போடாத விதி அரசிதழில் வந்து, சுற்றறிக்கை போய், நடைமுறைக்கு வர மாதக்கணக்காகும். பொருள் எண் ஒன்பதை இன்னும் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். கன்னியம்மா நின்றுகொண்டேயிருந்தார். தேவசகாயம் மட்டும் அறிக்கையைப் பின்பக்கமாகத் திருப்பினார். கடைசித் தாள். எங்கள் நாலு கையெழுத்துக்கும் மேலே ஒரு வரி. எழுந்து நின்று வாசித்தார்: "இவ்விதிகள் மன்றத்தில் நிறைவேற்றப்பட்ட நாள் முதல் உடனடியாக நடைமுறைக்கு வரும்." செய்தியின் தலையை மட்டும் படித்து வாலை விடுகிற நிருபர் புத்தியில், கையெழுத்துப் போட்ட அன்று அந்த வரியை நான் பார்க்கவேயில்லை. வழக்கறிஞரும் பார்க்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். "பேசுங்கம்மா" என்றார் தலைவர்.

கன்னியம்மா ஒரே ஒரு வணக்கம் போட்டார். "காலைல கூடையோட வந்து எறங்குறேன். சாயங்காலம் வேலைக்குப் போன பொம்பளைங்க பஸ்ஸ வுட்டு எறங்கி, வூட்டுக்குப் போற வயில ஒரு கூறு வாங்கினு போவாங்க. வூட்டுக்குப் போய்ட்டு, மறுக்கா கெளம்பி, குப்பைக்குப் பின்னால யாரு வருவா? அங்க ஈ மொய்க்குது. அந்த ஈ எங்க மீனு மேல ஒக்காரும். அத்த நீங்க வாங்குவீங்களா? வாங்க மாட்டீங்க. நானும் விக்க மாட்டேன். ரோட்டுல தண்ணி வுடுறோம்னுதான உங்க கம்ப்ளெயிண்ட்டு? நாயந்தான். நிறுத்தத்துக்குப் பின்னால செவுரு கீது. ஏயு பேரும் செவுத்தோரமா குந்துறோம். ஒரு கொயா, ஒரு சின்ன கால்வா போட்டுக் குடுங்க. ரோட்டுக்கு ஒரு சொட்டு வராது. வந்தா நீங்க சொல்ல வேணாம், நாங்களே எய்ந்து பூடுறோம்." தலைவர் பக்கத்தில் இருந்தவர்களிடம் ஏதோ கேட்டார். கை தூக்கச் சொன்னார். இடமாற்றம் இல்லை, சுவரோரம், குழாய், கால்வாய். அதை எதிர்த்து மூன்று கைகள்தான் எழுந்தன. பெஞ்சில் இருந்த ஆறு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. என்னுடையதும் அதில் இருந்திருக்கலாம். மணி அடிக்க வேண்டிய தேவசகாயம் கடிகாரத்தைக் காட்டி, இன்னும் நேரம் இருக்கிறது, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

"நம்ம கதை முடிஞ்சிச்சு சார், மீதி நேரத்த பின்னால வரவங்களுக்குக் குடுத்துடு."

அந்த வரி

கூட்டம் முடிந்ததும் நாலு பேரும் நேராகத் தட்டச்சுப் பிரிவுக்குப் போனோம். எங்கள் அறிக்கையை அடித்தவர் உஷா. பதினெட்டு வருடமாக அலுவலகத்தின் எல்லா உத்தரவுகளையும் அடிக்கிறவர். அந்தக் கடைசி வரியை யார் சொல்லிப் போட்டீர்கள் என்று பாஸ்கரன் கேட்டார். கேட்ட தொனியில் உஷா பயந்துவிட்டார். நாற்காலியை விட்டு எழுந்து, தப்பாகிவிட்டதா, வேண்டுமானால் எடுத்துவிடட்டுமா என்றார். "ஐயோ, தொடாதம்மா!" என்று நாங்கள் நாலு பேரும் ஒரே குரலில் கத்தினோம். இத்தனை வாரத்தில் குழு ஏகமனதாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். எங்களுக்குத் தெரியாமல் சேர்த்தது செல்லுமா என்று நான் நிர்மலாவிடம் மெதுவாகக் கேட்டேன். கையெழுத்துப் போட்டது நாம், நிறைவேற்றியது மன்றம், தாளில் இருப்பதுதான் விதி என்றார் அவர். தேவசகாயம் டீ வாங்கிவரச் சொன்னார். உஷாவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

"எந்த உத்தரவு அடிச்சாலும் முடிக்கும்போது கை தானா அந்த வரியப் போட்டுடுது சார், சொட்டு மருந்து முகாம் நோட்டீஸுக்குக்கூடப் போட்டுட்டு திட்டு வாங்கியிருக்கேன்."

ஆக, நாலு பேர் ஐந்து புதன்கிழமை உட்கார்ந்து யோசித்து எழுதிய இருபத்தோரு விதிகளையும் காப்பாற்றியது, நாங்கள் யாரும் யோசிக்காமல் விட்ட ஒரு வரி.